கும்மிடிப்பூண்டியில் ஒரு டென்மார்க் படம்

மாப்பிள்ளை பார்க்கக் கடல் தாண்டிப் போகிறவன் யாரையும் நம்பக் கூடாது. பினாங்கில் கப்பல் ஏறும்போதே நான் செய்துகொண்ட தீர்மானம் அது. மதராஸில் இறங்கி கும்மிடிப்பூண்டி பாசஞ்சர் வண்டியில் உட்கார்ந்ததும், பக்கத்திலிருந்த பெரியவர் அவித்த வேர்க்கடலையை ஒரு கை அள்ளி நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"துன்னு நைனா, ஊட்ல அவிச்சது" என்றார்.

வீட்டில் அவித்ததை முன்பின் தெரியாத எனக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே முகத்தில் விழுந்த கரித்தூளைத் துடைத்தேன். அவர் கடலை முழுவதையும் தானே தின்றுவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். கடலை வாசனை நன்றாகத்தான் இருந்தது.

என் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. பினாங்கில் நான் ஒரு சினிமா தியேட்டரின் மேனேஜர். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பவள் தங்கை மல்லிகா ஒருத்திதான். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு ஏற்கெனவே நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு வரன் நிச்சயமாகி, பத்திரிகைகூட அடித்துவிட்டோம். அதன் பிறகுதான் அந்த ஆளுக்கு இலங்கையில் ஒரு குடும்பம் இருப்பது தெரிந்தது. மல்லிகா அழவில்லை. தனக்கென்று தைத்து வைத்திருந்த கல்யாண ரவிக்கையைப் பிரித்து, அளவை மாற்றி, வேறொரு பெண்ணுக்குத் தைத்துக் கொடுத்துவிட்டாள். தையலைப் பிரித்த அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த அன்றுதான் சந்தேகம் எனக்கு ஒரு வியாதியாகப் பிடித்தது.

இந்த வரன் எங்கள் ஆட்களிலேயே வந்தது. என் பாட்டனார் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து பினாங்குத் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தவர். அதே குப்பத்துப் பையன் கன்னியப்பன் இப்போது கும்மிடிப்பூண்டியில் ஓர் எந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கிறான். மல்லிகாவின் படத்தைப் பார்த்துச் சரி என்றானாம். நேரில் பார்த்துச் சரி சொல்லவேண்டிய பொறுப்பு என்னுடையது. இந்தத் தடவையும் தப்பானால் அவள் அடுத்த வரனுக்குச் சம்மதிக்கவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஸ்டேஷனில் பையனின் தாய்மாமன் ஏகாம்பரம் காத்திருந்தார். வலை நூல் வியாபாரி. அவர் பேச ஆரம்பித்தது வண்டி நிற்பதற்கு முன்பே என்று நினைக்கிறேன், நான் இறங்கும்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார்.

"...அதான் நைனா, பையன் தங்கம். சிகரெட்டு இல்ல, சீட்டு இல்ல, கம்பெனி உண்டு ஊடு உண்டுன்னு கீறான். மொதல்ல நாஷ்டா துன்னலாம் வா."

நாஷ்டா என்றால் இட்லியும் வடகறியும். பினாங்கில் காலையில் ரொட்டியைக் கிழித்துப் பருப்புக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுப் பழகியவன் நான். வடகறி முதல் வாயிலேயே என்னைக் கவிழ்த்துவிட்டது. ஆனால் இன்னொரு தட்டு கேட்கவில்லை. சாப்பாட்டில் கவிழ்த்துவிட்டுக் காரியத்தைச் சாதிக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

கன்னியப்பனைத் தொழிற்சாலை வாசலில் பார்த்தேன். சுற்றிலும் புதிது புதிதாகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. செம்மண்ணும் ஜல்லியும் லாரிகளும். ஒரு பக்கம் நெல் வயல், அதன் வரப்பை ஒட்டியே முள்வேலி, வேலிக்கு அந்தப்பக்கம் கிரேன். கிரீஸ் படிந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். கறுத்து, ஒல்லியாக, களையாக இருந்தான். "வாங்க சார்" என்றான். அவ்வளவுதான். நான் கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. மீதியை மாமா சொன்னார்.

எங்கள் தியேட்டரில் வருஷக்கணக்காகப் படம் ஓட்டியதில் எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டிருந்தது. நல்லவன் பேசுவான், கெட்டவன் சிரிப்பான். பேசவும் சிரிக்கவும் செய்யாதவன் எந்த வகை? இவன் எதையோ மறைக்கிறான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் குப்பத்துக்குப் போனோம். பொன்னேரி வழியாகப் போன பஸ் பாதி வழியில் மூச்சை விட்டது. ஆம்பளைகள் எல்லாம் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போது ஏகாம்பரம் மட்டும் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தார், பேச்சை நிறுத்தாமல். பழவேற்காட்டிலிருந்து படகு. அது ஏரியின் நடுவில் சேற்றில் தட்டி நின்றது. "தண்ணி கம்மியா கீது, எறங்கு நைனா" என்று படகுக்காரர் சாவகாசமாகச் சொன்னார். இஸ்திரி போட்ட பேண்ட்டைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு இறங்கினேன். வழி தெரிந்த மனிதர் வேண்டுமென்றே சேற்றில் விட்டாரோ என்று அவரையும் ஒரு பார்வை பார்த்தேன். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டார். தூரத்தில் கொக்குகள் மட்டும் சேற்றைப் பற்றிக் கவலைப்படாமல் நடந்துகொண்டிருந்தன.

கன்னியப்பனின் வீடு ஓலை வேய்ந்த சின்ன வீடு. சாணம் மெழுகிச் சுத்தமாக இருந்தது. அவன் அம்மா வாசலுக்கு வந்து கும்பிட்டார். உள்ளே போகும்போதே நான் பார்த்தது கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு குழந்தையின் சட்டை. நீலச் சட்டை. வளர்ந்துவிட்ட பிள்ளைக்காகக் கீழே சிவப்புத் துணியை ஒட்டுப்போட்டு நீளமாக்கியிருந்தார்கள். தையல்காரியின் அண்ணனுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது. கல்யாணமாகாத பையன், வயதான அம்மா என்றுதான் ஏகாம்பரம் சொல்லியிருந்தார். சட்டை யாருடையது?

இலையில் மடவை மீன் குழம்பும் இறால் வறுவலும். அம்மா பரிமாறினார். ஆனால் சமைத்தவர் அவர் இல்லை. சமையல் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு கை குழம்புச் சட்டியை நீட்டியது. இளம் பெண்ணின் கை. அம்மா அவசரமாக வாங்கிக்கொண்டு என் பார்வையை மறைத்தாற்போல நின்றார். கன்னியப்பன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏகாம்பரத்தின் குரல் மட்டும் கொஞ்சம் ஏறியது.

"கார்த்திகைலயே முட்ச்சிடலாம் நைனா. மார்கழி ஆவாது. தைக்குத் தள்ளினா பேஜாரு."

"தையில் என்ன பேஜார்?"

"அது வந்து... மழ, காத்து, கப்பலுங்க ஒயுங்கா வராது."

தை மாதத்தில் என்ன மழை? மீன் குழம்பு எனக்கு அதற்கு மேல் இறங்கவில்லை. இவ்வளவு ருசியான குழம்பை இவ்வளவு கசப்போடு சாப்பிட்டவன் நானாகத்தான் இருப்பேன். பெண், குழந்தை, அவசரம். நாகப்பட்டினத்துக் கதைதான், ஊர்தான் வேறு. திரும்பும் படகிலேயே முதல் கப்பலில் திரும்பிவிடுவது என்று மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுக் கிளம்பத்தான் தொழிற்சாலைக்குப் போனேன். கன்னியப்பன் சரக்கு ஷெட்டில் ஒரு பெரிய வெள்ளைத் துணியைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தான். எந்திரம் பூட்ட வந்திருந்த டென்மார்க் எஞ்சினியர் தன் நாட்டுப் படம் ஒன்றை மதராஸில் யாரிடமோ இரவல் வாங்கி வந்திருக்கிறாராம். சாயந்திரம் தொழிலாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் இலவசக் காட்சி. படத்தில் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். அதைப் படித்து மைக்கில் தமிழில் சொல்கிற வேலை கன்னியப்பனுக்கு.

"இருந்து பாத்துட்டுப் போங்க சார்" என்றான். நான்கு வார்த்தை. அவனுக்கு அது பெரிய சொற்பொழிவு.

தியேட்டர்க்காரனுக்குப் படம் என்றால் கால் நகராது. தவிர, வாயைத் திறக்காத ஒருவன் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன வெளியே வருகிறதென்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

இருட்டியதும் ஷெட் நிறைந்துவிட்டது. கோணிகளை விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்தார்கள். முறுக்கு, பொரி, கைக்குழந்தைகள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்பதால் புரொஜக்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். பக்கத்து நாற்காலியில் எஞ்சினியர், நெடிய மனிதர். ஏகாம்பரம் பின்னால் நின்று யாருக்கோ என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கறுப்பு வெள்ளைப் படம். பெயர்கள் ஓடும்போதுகூடச் சங்கீதம் இல்லை. கடற்கரையோரம் ஒரு வீடு. சமையலறையில் ஓர் அம்மா உருளைக்கிழங்கு சீவுகிறாள். அப்பா பேப்பர் படிக்கிறார். பட்டணத்திலிருந்து மகள் வருகிறாள். யாரும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. "வந்துட்டியா" என்கிறாள் அம்மா. மகள் உட்காருகிறாள். உருளைக்கிழங்கு சீவுவது தொடர்கிறது.

"யோவ், சவுண்டு வெய்யா!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். "சவுண்டு, சவுண்டு!" என்று நாலாபக்கமும் கிளம்பியது.

எனக்கும் அதே சந்தேகம்தான். பழக்கதோஷத்தில் எழுந்து போய் ஒலிபெருக்கியில் காதை வைத்தேன். கத்தி தோலைச் சீவுகிற சத்தம் சரக் சரக்கென்று தெளிவாகக் கேட்டது. "சவுண்டு இருக்கு. அவங்கதான் பேசல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"பேசாததுக்கு இன்னாத்துக்குயா படம் புட்ச்சாங்க?" என்று பதில் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். கன்னியப்பன் மட்டும் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் அத்தனை படம் ஓட்டியவன், இப்படி ஒரு படம் பார்த்ததில்லை. எங்கள் படத்தில் கேமரா முகத்துக்குக் கிட்டப் போனால், ஒன்று கண்ணீர் வரும், இல்லை வில்லனின் புருவம் ஏறும். இங்கே கேமரா கிட்டப் போகிறது, முகம் ஒன்றும் செய்யவில்லை, கேமராவும் நகர மாட்டேன் என்கிறது. கன்னத்தின் சின்னச் சின்னக் குழிகள், கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு, நகத்துக்குள் மாவு, எல்லாம் தெரிகிறது. அதைவிட விசித்திரம், அப்பா பேசும்போது கேமரா அப்பாவைக் காட்டவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவைக் காட்டுகிறது. யாரோ ஃபிலிமைத் தப்பாக வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ரீல் மாற்றும்போது எஞ்சினியரிடம் கேட்டேன்.

"ஏன் இவ்வளவு கிட்டப் போய் எடுத்திருக்கிறார்கள்?"

"எங்கள் ஊரில் வீடுகள் சின்னவை. கேமராவைத் தள்ளி வைக்க இடம் இருந்திருக்காது" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று அவர் முகத்தில் தேடினேன். அந்த முகமும் படத்திலிருந்த முகங்களைப் போலவே இருந்தது.

அடுத்த ரீலில்தான் அந்தக் காட்சி வந்தது. மகள் வந்ததிலிருந்து தன் கோட்டை ஆணியில் மாட்டவில்லை, நாற்காலி முதுகில் போட்டிருக்கிறாள். அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே தற்செயலாக அந்தக் கோட்டைப் பார்க்கிறாள். கேமரா அவள் கைக்கு வருகிறது. பாதி சீவிய தோல் தொங்குகிறது. கை நிற்கிறது. கொஞ்ச நேரம், சும்மா நிற்கிறது. பிறகு மறுபடியும் சீவுகிறது. அவ்வளவுதான். வசனம் இல்லை, கன்னியப்பனும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "தாய்க்குத் தெரிஞ்சி பூட்ச்சிடி. அது இருக்க வரல. போறேன்னு சொல்ட்டுப் போவ வந்துகீது."

அதற்குப் பிறகு ஷெட்டில் யாரும் சவுண்டு கேட்கவில்லை. முறுக்குக் கடிக்கிற சத்தமும் நின்றது. படத்திலிருந்த அம்மாவை நடித்தாள் என்றே சொல்ல முடியாது. ஒரு கையை நிறுத்தி ஒரு தாயின் நெஞ்சைக் காட்டிவிட்டாள். எங்கள் நடிகைகள் இதற்குத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டே பாட வேண்டியிருக்கும்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு கை நினைவுக்கு வந்தது. முந்தின நாள் தடுப்புக்குப் பின்னாலிருந்து குழம்புச் சட்டியை நீட்டிய கை. இளம் கை என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஆயிரம் கதை கட்டினேனே, அந்த மணிக்கட்டில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. ஒரு கண்ணாடி வளையல்கூட இல்லை. புருஷன் இருக்கிற பெண், அதுவும் குழந்தைக்காரி, வெறுங்கையோடு விருந்தாளிக்குச் சட்டியை நீட்டமாட்டாள். அவள் இவன் மனைவி இல்லை. தாலி அறுத்தவள்.

அப்படியானால் ஏன் மறைத்தார்கள்? என் சந்தேகம் போகவில்லை, இடம்தான் மாறியது.

படம் முடியும் தறுவாயில், மகள் கதவு நிலையில் கை வைத்து நிற்கிறாள். அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. அவள் உதடு பிரிகிறது, மூடுகிறது. கேமரா அவள் முகத்தை விட்டு நகரவில்லை. நான் திரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன், எழுத்து எதுவும் ஓடவில்லை. ஆனால் மைக்கில் கன்னியப்பனின் குரல் வந்தது.

"இந்தப் பொண்ணு சொல்லணும்னுதான் வந்துது. வாய் வரிக்கும் வந்துட்ச்சி. சொன்னா, இருக்கறதும் கை உட்டுப் பூடுமோன்னு பயம். சொல்லாம இருந்தா, அது ஏமாத்தற மாதிரி. அதான் நிக்குது."

அன்று மாலை முழுவதும் எழுத்தில் இல்லாத ஒரு வார்த்தையை அவன் சொல்லியிருக்கவில்லை. இதை மட்டும் எங்கிருந்து படித்தான்? திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்ததும், மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவனிடம் போனேன்.

"கடைசியில் நீ சொன்னது எழுத்தில் வரவில்லையே?"

"வரல சார்."

"பின்னே?"

ஒயரைச் சுற்றிய கை நின்றது. பிறகு மறுபடியும் சுற்றியது.

"நாளைக்கு இன்னொரு தபா ஊட்டாண்ட வாங்க சார். மாமா வாணாம். நம்ப ரெண்டு பேரு மட்டும்."

மறுநாள் அதே படகுக்காரர். அதே இடத்தில் படகு தட்டியது. இந்தத் தடவை அவர் சொல்லும் முன்பே நான் இறங்கிவிட்டேன். கன்னியப்பன் பக்கத்தில் நின்று தள்ளினான். வேட்டி கட்டி வந்திருந்ததால் பேண்ட்டாவது பிழைத்தது.

வீட்டில் தடுப்பு இருந்தது, அதற்குப் பின்னால் யாரும் இல்லை. அந்தப் பெண் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பெயர் தேசம்மா. கன்னியப்பனின் செத்துப்போன அண்ணன் மனைவி. நீலச் சட்டை போட்ட சின்னப் பெண் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னை எட்டிப் பார்த்தது.

"அண்ணா, மன்னிச்சிக்கணும்" என்றாள் தேசம்மா. "பொண்ணு ஊட்டுக்காரங்க வர்ற நேரத்துல என் மொகத்துல முழிக்க வாணாம்னு மாமா உள்ளயே குந்த வெச்சிட்டாரு. அது பரவால்ல, ஊர் வயக்கம். ஆனா இன்னொன்னு கீது. அத்த ஒங்களாண்ட சொல்லாம கண்ணாலம் பண்ணக்கூடாதுன்னு இவரு மொதல் நாள்லேர்ந்து சொல்லிக்கினுகீறாரு. மாமா உடல."

அவள் சொன்னதைச் சுருக்கமாக இங்கே சொல்கிறேன். ஏரியில் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். ஆளாளுக்குப் போட்டி போட்டால் வெட்டு குத்தாகிவிடும் என்று, குப்பத்தில் முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்று பெயர். எந்த வீடு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதம், கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். அதில் கல்யாணமான ஆணைத்தான் ஒரு தலைக்கட்டாக எண்ணுவார்கள். அவனுக்குத்தான் முறை. தேசம்மாவின் புருஷன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டான். ஆண் பிள்ளை இல்லை. அவன் பேரிலிருந்த முறை வருகிற குலுக்கல் வரைதான். அதற்குள் தம்பி கல்யாணம் செய்துகொண்டால் அவன் தலைக்கட்டாகிவிடுவான். அவனுக்கு வரும் முறையில் தேசம்மாவின் சொந்தக்கார ஆட்கள் வலை கட்டுவார்கள், இவள் மீனை விற்றுப் பிழைத்துக்கொள்வாள்.

கார்த்திகை அவசரம் இதுதான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறைத்ததற்கு மட்டும் அல்ல. கடல் தாண்டி ஒரு பெண்ணைக் கொண்டுவந்து குலுக்கலில் ஒரு சீட்டாகப் போடப் பார்த்தார்கள் என்பதற்கு. கன்னியப்பனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அவனைப் பார்த்துக் கேட்டேன்.

"நேராகச் சொல். உனக்கு என் தங்கச்சி வேணுமா, தலைக்கட்டு வேணுமா?"

அவன் சட்டென்று பதில் சொல்லவில்லை. தங்கச்சிதான் வேணும் என்று உடனே சொல்லியிருந்தால் அடுத்த படகில் கிளம்பியிருப்பேன், சத்தியமாக. நான் அவன் முகத்துக்குக் கிட்டப் போய் நின்றேன். கண் என்னை விட்டு நகரவில்லை. கழுத்து நரம்பு மட்டும் அசைந்தது.

"ரெண்டும் வேணும் சார்" என்றான்.

பிறகு, "போட்டோவப் பாத்ததும் புட்ச்சிது. அது பொய்யில்ல. அண்ணிக்கு மொற வேணும், அதுவும் பொய்யில்ல. ஒங்க தங்கச்சியாண்ட ரெண்டத்தையும் சொல்லுங்க. வாணாம்னா பரவால்ல" என்றான்.

அவ்வளவு வார்த்தைகளை அவன் மைக் இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அவனை நம்பவேண்டும் போலிருந்தது. அதையே சந்தேகப்பட்டேன். அன்று தேசம்மா வைத்த நண்டுக் குழம்பை அவள் கையாலேயே பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு கேட்டேன். பினாங்கில் எவ்வளவோ நண்டு தின்றிருக்கிறேன், இந்த ருசி வராது. சின்னப் பெண் என் இலைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, நான் ஓட்டை உடைக்கத் தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்துச் சிரித்தது.

ஏகாம்பரம் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தார். விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. வண்டி வரும்வரை ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "ஒளிச்சது என் தப்புதான் நைனா. அத்துக்கோசரம் பையன வாணாம்னு சொல்லிடாத" என்றார். அந்த மனிதர் சொல்லி நான் முழுசாக நம்பிய முதல் பேச்சு அது. அவித்த வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

பினாங்கில் வீடு வந்து சேர்ந்தபோது மல்லிகா முற்றத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னேன். தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்த கை, ஒட்டுப்போட்ட சட்டை, டென்மார்க் படம், எழுத்தில் இல்லாத வரி, தை மாதக் குலுக்கல், ரெண்டும் வேணும் என்று அவன் சொன்னது. சொல்லும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், இவளை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"உன்னைக் குலுக்கலுக்குத்தான் கேட்கிறாங்களோன்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான்" என்றேன். "நீ வேண்டாம்னு சொன்னா இதோட விட்டுடலாம்மா."

மீன் தலையைக் கிள்ளிய விரல்கள் நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு மறுபடியும் கிள்ளின.

"மார்கழியில வைக்க முடியாது" என்றாள். "கார்த்திகையிலயே வச்சிருங்கண்ணே."

அவள் சாதாரணமாக அடுத்த மீனை எடுத்தாள். கழுவி, சட்டியில் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், தையல் மெஷின் பக்கம் போய் நின்று திரும்பினாள்.

"அந்தக் குழந்தை என்ன உயரம் இருக்கும்? சட்டைக்கு அளவு வேணும்."

கொடியில் கிடந்த அந்தச் சட்டையைக் குற்றம் கண்டுபிடிக்கிற கண்ணோடு எத்தனை நேரம் முறைத்திருந்தேன். தோள் அகலம், இடுப்பு, சிவப்பு ஒட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்பதுவரை எல்லாம் நினைவிருந்தது. எழுந்து போய், என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினேன். மல்லிகா டேப்பை எடுத்து என் கைவரைக்கும் அளந்துகொண்டாள்.